எந்த ஸ்டேஷனுக்குங்க போறது?

அவிநாசிபாளையத்தில் பனியன் கம்பெனி வேனுக்குக் காத்திருந்த அக்கா ஒருவர் என்னைக் கேட்டார்: “ஏனுங்க, புள்ளையை மெட்ராஸுல படிக்க வெச்சிருக்கோம். அங்கே ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க எந்த ஸ்டேஷனுக்குங்க போறது?”

நியாயமான பயம். 2024 டிசம்பர் 23 இரவு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு அந்தக் கொடுமை நடந்தது. அவர் துணிந்து புகார் கொடுத்தார். எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்து, மானம் காக்க வேண்டியவர்களே கோட்டை விட்டார்கள். சென்னை ஐகோர்ட் 25 லட்சம் இடைக்கால நஷ்டஈடு தரச் சொன்னது. அவரிடம் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. 2025 ஜூன் 2-ல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. 30 வருஷம் வெளியே வர முடியாது.

சரி, அக்காவுக்குப் பதில். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். அவிநாசிபாளையத்திலேயே கொடுத்தாலும் வாங்கித்தான் ஆகணும். ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று பெயர். பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் முதலில் ஆஸ்பத்திரி. அரசாங்கமோ தனியாரோ, காசு கேட்கக் கூடாது. ‘எஃப்.ஐ.ஆர். எங்கே?’ என்று விரட்டவும் கூடாது. குளிக்காமல் போனால் தடயம் கிடைக்கும், குளித்துவிட்டாலும் போங்கள். போட்டிருந்த துணியைக் காகிதப் பையில் வையுங்கள். (நம்மூரில் வீட்டுக்கு வீடு கிடக்கிறதே பாலிதீன் கவர், அது வேண்டாம். ஈரம் கோத்துத் தடயம் கெட்டுவிடும்.) கர்ப்பத்தையும் ஹெச்.ஐ.வி.யையும் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாகணும்.

யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் 181. நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.