அலை வரைக்கும் ஒரு பாதை

சென்னைக் கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நின்று கிழக்கே நோக்குகிறவருக்குக் கடல் கண்ணுக்கு எட்டுகிறதே ஒழியக் காலுக்கு எளிதில் எட்டுவதில்லை. இடையே பரந்து கிடக்கும் மணலை இயற்கையின் சிருஷ்டி என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அதில் பெரும்பகுதி மனிதன் அறியாமல் செய்த வேலை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் எழும்பியபோது, ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணல் அச்சுவர்களில் தடைப்பட்டுத் தென்புறத்தில் குவியத் தொடங்கிற்று; வடக்கே இராயபுரத்துக் கரை அரிபட்டுக்கொண்டே போக, தெற்கே மெரினா அகன்றுகொண்டே வந்தது. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவும் பாதை அமைத்த காலத்தில் அதற்கு அருகிலேயே இருந்த அலை, இன்று நூற்றுக்கணக்கான மீட்டர் விலகிப் போயிருக்கிறது.

நடக்க வல்லவர்களுக்கு இந்தத் தூரமே ஓர் ஆனந்தம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கோ, மணலில் இறங்கிய மாத்திரத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் புதைந்துவிடும். பின்னாலிருந்து தள்ளத் தள்ள அவை இன்னும் ஆழமாக இறங்குமேயன்றி நகரா. ஆகவே அப்படிப்பட்டவர்கள் சாலையோரத்திலேயே இருந்து, உடன் வந்த குழந்தைகள் காலை நனைத்துவிட்டு ஓடிவருவதைத் தூரத்திலிருந்து பார்த்துத் திரும்புவார்கள். அல்லது யாராவது அவர்களைக் கையில் ஏந்திக்கொண்டு போகவேண்டும். மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் விடாமல் கேட்டதன் பயனாக, உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3-ஆம் தேதியை ஒட்டிச் சில ஆண்டுகள் மணலின்மேல் தற்காலிகப் பாதை போட்டார்கள். அந்தச் சில நாள் கழிந்ததும் பாதையை எடுத்துவிடுவார்கள். கடலும் அடுத்த ஆண்டு வரைக்கும் மறுபடி எட்டாத பொருளாகிவிடும்.

2022 நவம்பர் 27-ஆம் தேதி, மாநகராட்சி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அமைத்த, 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட நிரந்தர மரப்பாதை ஒன்று அங்கே திறந்துவைக்கப்பட்டது. மருத்துவமனைக்கும் தாலுகா கச்சேரிக்கும் சாய்தளம் கேட்டால் நியாயம் என்பவர்களே, கடலைப் பார்ப்பதற்கு இத்தனை பணமா என்று கேட்பதுண்டு. இந்தக் கேள்வியை நான் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஏனெனில் நம் மனத்தில் ஊறிப்போன ஓர் அபிப்பிராயம் அதில் வெளிப்படுகிறது. உடற்குறை உள்ளவருக்குத் தேவைகள் உண்டு, மருந்தும் மனுவும் உண்டு, ஆனால் காரியம் ஏதும் இல்லாமல் மாலைக் காற்றில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆசை மட்டும் அவருக்கு இருக்கலாகாது என்பதே அந்த அபிப்பிராயம். நம்மில் யாரும் மெரினாவுக்குக் காரியமாகப் போவதில்லை. காரியமின்றி ஓர் இடத்துக்குப் போகவும், போன இடத்தில் மனம் விரும்பும் மட்டும் தங்கவும் முடிகிற சுதந்திரத்தையே நான் எல்லா வசதிகளுக்கும் மேலானதாகக் கருதுகிறேன்.

அந்தச் சுதந்திரம் எவ்வளவு சுலபமாகக் கைநழுவிப் போகும் என்பதை, கடற்கரைப் பாதையைவிடப் பன்மடங்கு பொருட்செலவில் எழும் விமான நிலையத்தில் தெளிவாகக் காணலாம். பளபளக்கும் தரையும், மின்தூக்கியும், வழுவழுப்பான சாய்தளமும் இருக்கையில் அங்கே என்ன குறை என்று தோன்றும். ஆனால் சொந்த நாற்காலியில் வந்த பிரயாணி அதைவிட்டு இறங்கியாகவேண்டிய கட்டம் ஒன்று வருகிறது. முதுகின் வளைவுக்கும் இடுப்பின் அளவுக்கும் இசையச் செய்யப்பட்டு, அவருடைய உடம்பின் ஓர் அங்கம்போலவே ஆகிவிட்ட அந்த நாற்காலி, பெட்டிகளோடு பெட்டியாக விமானத்தின் வயிற்றுக்குள் போக, அவரோ இருக்கைகளின் நடுவேயுள்ள இடுக்கில் நுழையத்தக்க ஒல்லியான வேறொரு நாற்காலியில் வாரால் கட்டப்பட்டு உள்ளே கொண்டுபோகப்படுகிறார். விமானத்தின் கதவளவுக்கு உயர்ந்து நிற்கும் தூக்கி வண்டி வந்தால் நல்லது; வாராவிட்டால் ஏணிப்படியில் இரண்டு பேர் தூக்கிச் செல்வார்கள். இறங்கும் ஊரில் அவருடைய நாற்காலி முழுசாகக் கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. அமெரிக்க விமான நிறுவனங்கள் 2018 டிசம்பர் முதல் இந்தச் சேதங்களைக் கணக்குக் காட்டி வருகின்றன. 2023-ஆம் ஆண்டில் மட்டும் அப்படி உடைந்தோ தவறியோ போனவை 11,000-க்கும் மேல். பெட்டி உடைந்தால் வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். நாற்காலி உடைந்தவரோ போன ஊரில் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடப்பார்.

நாற்காலி தப்பினாலும் மரியாதை தப்பும் என்பதற்கில்லை. 2012 பிப்ரவரியில், பெருமூளை வாதத்தோடு பிறந்த ஜீஜா கோஷ் என்ற பெண்மணி, மாநாடு ஒன்றில் கலந்துகொள்ளக் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் புறப்பட்டு, விமானத்தில் ஏறித் தம் இருக்கையில் அமர்ந்த பிறகு, பிரயாணத்துக்குத் தகுதியற்றவர் என்று இறக்கிவிடப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2016 மே மாதத்தில் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி தீர்ப்பாயிற்று. அங்கே படியும் இல்லை, மணலும் இல்லை. விமானத்துக்குள்ளேயே சென்று அமர்ந்துவிட்டவரைத் தடுத்தது மனிதரின் அச்சமும் அறியாமையுமே.

அதே ஆண்டு இறுதியில் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை இருபத்தொன்றாக விரித்து, கட்டடங்களும் போக்குவரத்தும் எல்லாருக்கும் உகந்தவையாக இருக்கவேண்டும் என்றது. எனினும் 2017-இல் வந்த விதிகளில் ஒன்று அதற்கான இலக்கணங்களை, செய்தால் நல்லது என்ற அளவிலேயே நிறுத்திவிட்டது என்று கண்டு, 2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளி, கட்டாயமான இலக்கணங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட்டது. ஓரடி உயரம் ஏறுவதற்குச் சாய்தளம் பன்னிரண்டடியாவது நீளவேண்டும் என்பது போன்ற சாதாரணக் கணக்குகள், கட்டுகிறவருடைய தயவை நம்பியிருக்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

இன்பத்தையே உத்தேசமாகக் கொண்டு கட்டினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் ஓர் உதாரணம் இருக்கிறது. நீச்சல் குளத்தில் தம் மகள் மார்கன் மற்றப் பிள்ளைகளோடு விளையாட விரும்பியும், எப்படி அவளோடு பழகுவதென்று தெரியாமல் அவர்கள் விலகிப் போனதைக் கண்ட கோர்டன் ஹார்ட்மன் என்பவர், 2010-இல் அங்கே ஒரு பூங்காவைத் திறந்தார். அங்குள்ள ஊஞ்சலில் சக்கர நாற்காலியோடே ஏறி ஆடலாம். 2017-இல் அதன் பக்கத்திலேயே நீர் விளையாட்டுப் பூங்காவும் அமைத்தபோது, மின்கலத்தில் ஓடும் நாற்காலியைத் தண்ணீரில் இறக்க முடியாதே என்ற இடர் எழுந்தது. அதற்காக அழுத்தப்பட்ட காற்றின் விசையால் ஓடும் நாற்காலிகளைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கினார்கள். குழந்தைகள் நீரில் நனைந்து கூத்தாடவேண்டும் என்பதற்காக இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்ட மனிதர்களை எண்ணும்போதெல்லாம் என் மனம் நிறைகிறது.

நம் மரப்பாதைக்கும் உடனே ஒரு சோதனை வந்தது. திறந்து இரண்டு வாரம் நிறைவதற்குள், டிசம்பர் 9-ஆம் தேதி இரவு கரை கடந்த மாண்டஸ் புயலில், கடலை ஒட்டிய பகுதி சிதைந்து போயிற்று. எங்களுக்குச் சொந்தமானது போய்விட்டதே என்று பலர் வருந்தினார்கள். பிறகு அது செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. முதியவர்களும், கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும், கால் வலுத்த இளைஞர்களுங்கூட அதன்மேல் நடப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. நாற்காலி ஒன்று வருகையில் ஒதுங்கி வழிவிட்டால் போதும். புயலைவிட அதற்குத் தொடர்ந்து தொல்லை தருவது காற்று. ஒவ்வோர் இரவும் அது மணலை வாரிக்கொண்டுவந்து பலகைகளின்மேல் இறைத்துவிட்டுப் போகிறது. ஒவ்வொரு காலையும், முதல் நாற்காலி வந்து சேருவதற்கு முன்னால், யாராவது ஒருவர் துடைப்பத்தோடு அலை வரைக்கும் பெருக்கிக்கொண்டு போகவேண்டும்.