பிள்ளை பிறந்த பின் தலைமுடி கொட்டினால்: வீட்டில் செய்யக்கூடியதும் கிளினிக்கில் காட்டவேண்டியதும்

பிள்ளை பிறந்து மூன்று, நான்கு மாதமாகும்போது பல தாய்மாருக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கும். தலை இழுத்தால் சீப்பு நிறைய முடி. விடிய எழும்பினால் தலையணையிலும் பாயிலும் முடி. முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, கூரை போட்டு, கிணறு இறைத்து, வாழ்க்கையை மறுபடி தொடங்கும் நாட்களில் இதுவும் வந்து சேர்ந்தால், "எனக்கு ஏதோ பெரிய வருத்தம்" என்று பயப்படுவது இயல்பு.

இந்தப் பயத்தால் சில தாய்மார் பாலூட்டுவதைக் குறைக்கிறார்கள். சிலர் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசை விலை கூடிய எண்ணெய்ப் போத்தலுக்குக் கொடுக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் முடி உதிர்வு பெரும்பாலும் தானாகவே நிற்கும். போன முடி திரும்ப வளரும். அதுவரை வீட்டில் என்ன செய்யலாம், எந்த அறிகுறி இருந்தால் கிளினிக் போகவேண்டும் என்பதை இங்கே தருகிறோம்.

ஏன் கொட்டுகிறது?

தலையிலுள்ள ஒவ்வொரு முடிக்கும் தனித்தனிக் காலம் உண்டு. சில வருடங்கள் வளரும், பிறகு சில மாதங்கள் வளராமல் ஓய்ந்திருக்கும், பின் விழும். அதே இடத்தில் புது முடி முளைக்கும். சாதாரண காலத்திலும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை எல்லோருக்கும் விழுகிறது.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உடம்பில் கூடியிருக்கும் ஓமோன்கள் முடியை விழவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் பலருக்கு முடி அடர்த்தியாகத் தெரியும். பிள்ளை பிறந்ததும் ஓமோன்களின் அளவு சட்டென்று குறையும். விழாமல் நின்ற முடியெல்லாம் ஒன்றாக ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதத்தில் ஒன்றாக விழும். ஒரே நாளில் விதைத்த வயல் ஒரே நேரத்தில் அறுவடைக்கு வருவது போலத்தான் இதுவும்.

ஆகவே இன்று கொட்டும் முடி, பிள்ளை பிறந்த காலத்திலேயே வளர்ச்சியை நிறுத்திய முடி. நேற்றுச் சாப்பிட்ட சாப்பாடோ, முந்தாநாள் முழுகியதோ காரணமல்ல. தாய்ப்பால் கொடுப்பதும் காரணமல்ல. பாலை நிறுத்தினாலும் முடி கொட்டுவது நிற்காது, பிள்ளைக்குத்தான் நட்டம்.

கடும் காய்ச்சல், சத்திர சிகிச்சை, அதிக இரத்தப் போக்கு, உடம்பு திடீரென மெலிதல், பெரிய மன அதிர்ச்சி ஆகியவற்றுக்குப் பிறகும் இதேபோல இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலோ ஊர் திரும்பிய கையோடோ பிள்ளை பெற்ற தாய்க்கு இவற்றில் இரண்டு மூன்று காரணம் சேர்ந்திருக்கலாம். மற்றவர்களைவிட அதிகமாகக் கொட்டினாலும் அந்த முடியும் பெரும்பாலும் திரும்ப வளரும்.

பிள்ளைக்கு நான்கு மாதமளவில்தான் பொதுவாக மிக அதிகமாகக் கொட்டும். பிறகு படிப்படியாகக் குறையும். பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் வரும்போது பலருக்கு முடி பழைய நிலைக்கு வந்துவிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும் என்பதால், பின்னலின் அடர்த்தி திரும்ப இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும். நெற்றியோரத்தில் குட்டை முடிகள் குத்திட்டு நிற்பதைக் கண்டால் கவலைப்படாதீர்கள். அது புதிதாக முளைத்த முடி.

விழுந்த முடியை எடுத்துப் பாருங்கள்

வெளிச்சத்தில் ஒரு முடியைப் பிடித்துப் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னப் பொட்டுப் போல இருந்தால், அது காலம் முடிந்து தானாக விழுந்த முடி. "வேரோடு வந்துவிட்டது, இனி முளைக்காது" என்று சொல்வார்கள். அது சரியல்ல. முடியை முளைக்கச் செய்யும் பகுதி தோலுக்குள்ளேயே இருக்கிறது. இப்படி விழும் முடிக்கு வேண்டியது காலமும் நல்ல சாப்பாடும்.

பொட்டு இல்லாமல் குட்டைத் துண்டாக இருந்தால் அது இடையில் முறிந்த முடி. வெயில், உவர்த் தண்ணீர், உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம், இழுத்துக் கட்டுதல் போன்றவற்றால் முடி முறியும். இதைத்தான் வீட்டுப் பராமரிப்பால் தடுக்கலாம்.

முதல் மருந்து சாப்பாடு

பாலூட்டும் தாய்க்கு வழமையைவிட ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகத் தேவை. சுருக்கமாகச் சொன்னால், இன்னொரு நேரச் சாப்பாடு. பிள்ளைப்பேற்றில் இரத்தம் இழந்த உடம்புக்கு இரும்புச்சத்தும் புரதமும் முக்கியம். இவை குறைந்தால் முடி கொட்டுவது நீடிக்கும். தாய்க்குக் களைப்பும் கூடும்.

மிளகு, சீரகம், உள்ளி போட்ட பத்தியக் கறியும், சுறா வறையும் நல்ல சாப்பாடுதான். ஆனால் சில வீடுகளில் கீரை குளிர், பழம் குளிர், தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்று பல மாதங்களுக்குத் தாயை ஒறுக்க வைக்கிறார்கள். அப்படி ஒறுக்கத் தேவையில்லை. ஊரில் கிடைப்பவற்றிலேயே நல்ல சத்து இருக்கிறது:

- முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, அகத்தி, வல்லாரை. ஏதாவது ஒரு கீரை தினமும்.
- நெத்தலி, சூடை போன்ற சின்ன மீன்கள், முட்டை. கிடைக்கும்போது ஈரல்.
- பயறு, கௌபி, கடலை, பருப்பு, உழுந்து, கச்சான், எள்ளு.
- குரக்கன் கூழ் அல்லது பிட்டு.
- கொய்யாப்பழம், பப்பாப்பழம், நெல்லிக்காய், தேசிக்காய்.

கீரையில் தேசிக்காய்ப் புளி பிழிந்து சாப்பிட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். தேத்தண்ணீர் அதைத் தடுக்கும். எனவே சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துத் தேத்தண்ணீர் குடியுங்கள்.

கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசைகளைப் பிள்ளை பிறந்ததும் நிறுத்திவிடாதீர்கள். குடும்பநல உத்தியோகத்தர் சொல்லும் காலம்வரை எடுங்கள். கல்சியம் குளிசையையும் இரும்புச்சத்துக் குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்கவேண்டாம். குளிசைகளைச் சிறுபிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அளவுக்கு மீறி விழுங்கினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. தாய்க்கென்று திரிபோஷா தந்தால் அதைத் தாயே சாப்பிடவேண்டும்.

முழுகுதலும் எண்ணெயும்

முழுகினால் முடி கொட்டும் என்று நாட்கணக்காக முழுகாமல் இருப்பவர்கள் உண்டு. விழவேண்டிய முடி எப்படியும் விழும். முழுகாவிட்டால் அது தலையிலேயே சிக்கி நின்று, முழுகும் நாளில் ஒன்றாக வரும். பார்க்கப் பயமாக இருக்கும். வாரத்தில் இரண்டு, மூன்று தரம் முழுகலாம்.

முழுகுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை முடியில், முக்கியமாக நுனிப் பக்கத்தில், தடவுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊறி, அது முறிவதைக் குறைக்கும். ஆனால் எந்த எண்ணெயும் ஓமோன் மாற்றத்தால் விழும் முடியை நிறுத்தாது. வீட்டு எண்ணெய் செய்யும் வேலைக்கு மேலாக விலை கூடிய போத்தல் எதுவும் செய்துவிடப் போவதில்லை.

செவ்வரத்தம் இலை ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவி, தண்ணீரில் கசக்கி, துணியில் வடித்தால் வழுவழுப்பான சாறு வரும். அதைத் தலையில் தேய்த்து முழுகினால் முடி மென்மையாகிச் சிக்கு விடும். இரவு ஊறவைத்து அரைத்த வெந்தயமும் அப்படித்தான். முதற்தடவை பூசுவதற்கு முன் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். கடித்தாலோ சிவந்தாலோ தலையில் பூசவேண்டாம்.

உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். நல்ல தண்ணீர் ஒரு வாளி கிடைத்தால், கடைசி ஊற்றலுக்கு அதைப் பாவியுங்கள். மழைத் தண்ணீர் மிக நல்லது. நீண்டகாலம் பாவிக்காத கிணறானால், இறைத்துத் துப்புரவாக்கிக் குளோரின் இட்ட பின்பே பாவிக்கவேண்டும். இதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

ஈர முடியை இழுத்து வாரவேண்டாம். காய்ந்த பின் பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். இறுக்கிக் கொண்டை போடாமல் தளரப் பின்னுங்கள்.

இலை பறிக்கப் போகும்போது

செவ்வரத்தம் இலையோ கற்றாழையோ தேடி, மிதிவெடி அகற்றப்பட்டதென்று உறுதி செய்யப்படாத காணிகளுக்குள்ளும் பற்றைகளுக்குள்ளும் போகாதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். ஒருகாலத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வளவாக இருந்தாலும் இதுவே விதி. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். செவ்வரத்தையும் முருங்கையும் தடி நட்டால் முளைக்கும். சொந்த வேலியோரத்தில் நட்டுவிட்டால் வெளியே தேடிப் போகத் தேவையில்லை.

செய்யக்கூடாதவை

- வெங்காயச் சாறு, உள்ளி, தேசிக்காய்ப் புளி ஆகியவற்றைத் தலைத்தோலில் தேய்க்கவேண்டாம். தோல் புண்ணாகலாம்.
- பேனுக்கென்று மண்ணெண்ணெய் பூசவேண்டாம். தோல் எரியும், தீப்பிடிக்கும்.
- பாலூட்டும் காலத்தில் வைத்தியரைக் கேட்காமல் முடி வளரும் குளிசை, லேகியம், பூச்சு மருந்து எதையும் பாவிக்கவேண்டாம். சித்த மருத்துவத்தை விரும்பினால் பதிவு பெற்ற வைத்தியரிடம் போய், பாலூட்டுவதையும் சொல்லுங்கள்.

பிள்ளையின் விரல்களைப் பாருங்கள்

தாயின் தலையிலிருந்து விழும் முடி கைக்குழந்தையின் கால்விரல், கைவிரல் அல்லது ஆண்குழந்தையின் ஆணுறுப்பில் சுற்றிக்கொள்ளலாம். ஈரமாக இருக்கையில் சுற்றிய முடி காயும்போது இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டும் ஒவ்வொரு முறையும் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். காலுறை போடுவதானால் உட்பக்கத்தைப் பிரட்டிப் பாருங்கள். காரணம் தெரியாமல் பிள்ளை விடாமல் அழுதால் முதலில் விரல்களைப் பாருங்கள். முடி சுற்றி விரல் சிவந்தோ வீங்கியோ இருந்து, உடனே கழற்ற முடியாவிட்டால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

எப்போது கிளினிக் போகவேண்டும்?

பின்வருவனவற்றில் ஏதாவது இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்:

- பிள்ளைக்கு ஒரு வயதான பின்னும் முடி கொட்டுவது குறையவில்லை.
- வட்டமாகச் சொட்டை விழுகிறது. அல்லது தலைத்தோலில் செதில், புண், கடுமையான கடி இருக்கிறது.
- கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கண்ணின் உள்மடல் வெளிறியிருக்கிறது. இது இரத்தச்சோகையாக இருக்கலாம்.
- நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, உடம்பு காரணமில்லாமல் மெலிகிறது. அல்லது எப்போதும் குளிர்கிறது, உடம்பு வைக்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் சிலருக்குத் தைரொயிட் சுரப்பி கோளாறாகும். இரத்தப் பரிசோதனையில் தெரியும்; மருந்து உண்டு.
- இரண்டு கிழமைக்கு மேலாக மனம் சோர்ந்து, பிள்ளை உறங்கும்போதும் உங்களுக்கு உறக்கம் வராமல் இருக்கிறது.

உங்களுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி வைத்தியசாலைக்குப் போங்கள். இழப்புகளோடு ஊர் திரும்பிய தாய்மாருக்கு இப்படி நேர்வது வெட்கப்படவேண்டிய விடயமல்ல.

புதிதாகக் குடியேறிய இடத்தில் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் உங்களையும் பிள்ளையையும் பதிவு செய்யுங்கள். கர்ப்பகாலப் பதிவேட்டையும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டுபோங்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்காகக் கிளினிக் போகாமல் இருக்கவேண்டாம்.

வீட்டிலுள்ளவர்களுக்கு

கணவருக்கும், மாமிக்கும், அம்மாவுக்கும் ஒரு வேண்டுகோள். "முடியெல்லாம் போச்சே" என்று அடிக்கடி சொல்லிக் காட்டாதீர்கள். தண்ணீர் அள்ளுவதையும் விறகு கொத்துவதையும் சில மாதம் நீங்கள் பொறுப்பெடுங்கள். பகலில் ஒரு மணித்தியாலம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு தாயை உறங்க விடுங்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தான் சாப்பிடுவது எங்கள் வீடுகளில் தாயின் பழக்கம். பாலூட்டும் காலத்தில் மட்டுமாவது மீனும் கீரையும் முதலில் அவருடைய கோப்பைக்குப் போகட்டும்.