ஐந்து மூட்டைக் கொள்ளுக்கும் மண்டியில் இடம் வேண்டும்

விவசாயத்தைப் பற்றி வணிகர் சங்க இதழில் என்ன எழுத்து என்று அங்கத்தினர்கள் சிலர் நினைக்கக்கூடும். நம் தராசில் ஏறும் சரக்கு எல்லாம் ஏதோ ஒரு கொல்லையிலிருந்துதான் வருகிறது. ஆகையால் இதைத் தொழில் விஷயமாகவே எழுதுகிறோம்.

'பாதுகாப்பு வேளாண்மை' என்ற பெயர் விவசாயக் கூட்டங்களில் அடிபடுகிறது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் இதற்கு மூன்று விதிகள் சொல்கிறது. நிலத்தைக் கூடியமட்டும் கிளறாமல் விடுவது, மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் மூடி வைப்பது, ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைக்காமல் மாற்றியும் கலந்தும் பயிரிடுவது. பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்தில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி, மழை தன் மண்ணை அரித்துக்கொண்டு போவதைப் பொறுக்காமல் 1972-ல் உழாமலே சோயா விதைத்தார். இன்று அந்நாட்டில் கோடிக்கணக்கான ஏக்கரில் அப்படித்தான் விதைப்பு நடக்கிறது. ஆனால் அங்கே இருப்பது பெருநிலமும் பெரிய இயந்திரமும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் கையில் இருக்கும் நிலம் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த இரண்டு ஏக்கரில்தான் அவர் குடும்பமும் சாப்பிட வேண்டும், நமக்கும் சரக்கு வரவேண்டும்.

உழாமல் விதைப்பது நமக்கு ஒன்றும் புதிய சங்கதி இல்லை. டெல்டாவில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தூவி விடுவார்கள். ஏர் இல்லை, தனியாகப் பாய்ச்சல் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியுமே அதை வளர்த்து விடும். ஆடுதுறை 3 உளுந்து நெல் தரிசுக்கென்றே வந்த ரகம். வெயில் காலத்தில் நாம் வாங்கி விற்கும் டெல்டா உளுந்தின் கதை இதுதான். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதன் சக்கரத்தில் முளை நசுங்குகிறது என்ற குறை ஒன்று உண்டு.

நம் அணைக்கட்டுப் பக்கத்துக்கு வருவோம். கழனியில் நெல்லும் கரும்பும் இருந்தாலும் மானாவாரிக் கொல்லைதான் ஏழை விவசாயியின் சொத்து. ஆடியில் மல்லாட்டை போடுவார்கள். ஆறு சாலுக்கு ஒரு சால் துவரை. கேழ்வரகுக் கொல்லையில் ஊடே மொச்சையும் காராமணியும். மழை பிந்தினால் புரட்டாசி, ஐப்பசியில் கொள்ளு. மல்லாட்டையைப் பிடுங்கிய பிறகும் துவரை தைமாதம் வரை நிலத்தில் நிற்கும். இலை உதிர்ந்து மண்ணை மூடும். வேர் முடிச்சு தழைச்சத்தை விட்டுப் போகும். மல்லாட்டை பொய்த்த வருஷத்திலும் வீட்டில் குழம்புக்குப் பருப்பும், கஞ்சிக்குக் கேழ்வரகும், மாட்டுக்குக் கொள்ளும் இருக்கும். இதையே இப்போது உணவுப் பாதுகாப்பு என்கிறார்கள்.

ஒன்றை மட்டும் நிபுணர்கள் யோசிக்க வேண்டும். வைக்கோலைப் பரப்பி மண்ணை மூடு என்றால், மாடு எதைத் தின்னும்? இங்கே பால் பணம் வாரா வாரம் வருகிற பணம். வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் தொழுவத்துக்குத்தான் போகும். வீணாக எரிகிறது கரும்புத் தோகை ஒன்றுதான்; அதைக் கொளுத்தாமல் போட்டு வைக்கலாம். மானாவாரியில் கொள்ளுக்கொடி படர்ந்து மூடினாலே போதும் என்பது எங்கள் எண்ணம்.

இந்தக் கலப்புப் பயிர் குறைந்து வருகிறது. மொச்சையைப் பல தடவை பறிக்க வேண்டும். பறிக்கிற பெண்களில் பலர் காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறி விடுகிறார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் தெருவில் இருக்கிறது. விவசாயி முப்பது கிலோ மொச்சையும் ஒரு மூட்டைத் துவரையும் கொண்டு வந்தால், லோடு சேராத சரக்கு என்று மண்டியில் காக்க வைப்பதும், ரேட்டைக் குறைப்பதும் தொழிலில் நெடுநாளைய வழக்கம். இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாம் வருஷம் அந்தச் சாலை அவர் விடமாட்டார்.

வாங்குகிறவன் நிலத்தை எப்படி மாற்றுகிறான் என்பதற்குக் கொல்லிமலையைப் பார்க்கலாம். மலைச் சரிவில் சாமையும் கேழ்வரகும் விளைந்த இடத்தை மரவள்ளி பிடித்துக்கொண்டது. கிழங்கை எடுக்க சேலம் வட்டாரத்துச் சேகோ ஆலைகள் இருந்தன. சாமையை எடுக்க ஆள் இல்லை, வீட்டில் குத்திப் புடைக்கவும் பெண்களுக்குத் தெம்பு இல்லை. கிழங்கு தோண்டத் தோண்டச் சரிவு மண் மழையில் இறங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதை வங்கியோடு உமி நீக்கும் இயந்திரத்தையும் விற்பனைக்கு வழியையும் சேர்த்துக் கொண்டுபோனது. அது சரியான யோசனை. விற்பனைக்கு வழி இல்லாமல் விதை மட்டும் கொடுத்துப் பிரயோசனம் இல்லை.

நம் ஒன்றியத்திலேயே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை மலைக் கிராமங்கள் இருக்கின்றன. ஜவ்வாது மலைச் சாமை நமக்குக் கைக்கெட்டும் தூரம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருஷம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் கடையில் சாமை கேட்கிறார்கள். நாம் வெளியூர்ப் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கிறோம்! இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரைச் சொல்லிக் காய் விற்கலாம் என்றால் மலையின் பெயரைச் சொல்லிச் சாமையும் விற்கலாம்.

சரக்கு வைப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. நன்றாகக் காய்ந்த கேழ்வரகு வருஷக்கணக்கில் பூச்சி பிடிக்காமல் கிடக்கும். சாமையை உமியோடு வையுங்கள். அரிசியாக்கினால் சில மாதங்களில் காறல் வாடை வந்து விடும், ஆகவே விற்கிற அளவுக்கு மட்டும் அரைத்துக்கொள்ள வேண்டும். கொள்ளுக்கும் மொச்சைக்கும் வண்டுதான் எதிரி; பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும் அளவு காய்ந்திருக்கிறதா என்று பார்த்து இறக்க வேண்டும். துவரைக்குச் செம்மண் கட்டுவதை நம் வீட்டுப் பெரியவர்களே செய்து காட்டுவார்கள்.

எங்கள் மண்டியில் சில வருஷங்களாக ஒரு முறை வைத்திருக்கிறோம். சில்லறைச் சரக்குக்குத் தனி மூலை. ஒவ்வொரு தினுசுக்கும் தனிச் சாக்கு; பத்து கிலோ வந்தாலும் எடை போட்டுச் சீட்டு, கையில் ரொக்கம். ஐந்து மூட்டை சேர்ந்ததும் மூன்று மளிகைக் கடைகள் பங்கு போட்டு எடுத்துக்கொள்கின்றன. லாபம் மல்லாட்டை லோடு அளவுக்கு வராது என்பது வாஸ்தவம். ஆனால் துவரை கொண்டு வருகிறவரே மல்லாட்டையையும் எங்களிடம்தான் இறக்குகிறார். சேர விருப்பமுள்ள கடைக்காரர்கள் மார்கழிக்குள் சொன்னால் நல்லது. தை பிறந்தால் துவரை வரத் தொடங்கிவிடும்.