அத்தைக்கும் சித்திக்கும் ஒரே பெயர்!

அயல் தேசத்தில் குடித்தனம் போடுகிறவர்களுக்கு முதலில் உண்டாகும் கவலை, அரிசியும் புளியும் கிடைக்குமா என்பதுதான். ஸ்பெயின் தேசத்தின் தலைநகரமாகிய மாட்ரிட்டில் இரண்டும் கிடைக்கின்றன. வலென்ஸியா பிரதேசத்தில் நெல்லே விளைகிறது! ஆகையால் அந்தக் கவலை ஒரு வாரத்தில் தீர்ந்து போகும். ஆனால் சிறு குழந்தையுடன் செல்லும் தமிழ்க் குடும்பத்துக்கு வேறொரு கவலை காத்திருக்கிறது. அது மெள்ள மெள்ளத்தான் தலைகாட்டும். அதைச் சொல்லுவதற்கு முன்னால், அந்த ஊர் குழந்தைகளை எவ்வாறு கொண்டாடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இரவில் விளையாட்டு

ஜூன் மாதக் கடைசியில் மாட்ரிட்டில் சூரியன் அஸ்தமிக்கும்போது மணி ஏறக்குறைய ஒன்பதே முக்கால்! 1940-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அது பழைய கணக்குக்குத் திரும்பவேயில்லை. மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். இராச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல். நடுவில் குழந்தைகளுக்கு 'மெரியெந்தா' என்ற சிற்றுண்டி உண்டு. ரொட்டியும் சாக்லேட்டுமாக இருக்கும் அதை, நம் வீட்டு மாலைப் பலகாரத்துக்குத் தம்பி என்று சொல்லலாம்.

கோடை காலத்தில் இரவு பத்து மணிக்கும் தெருச் சதுக்கங்களில் குழந்தைகள் பந்து விளையாடிக் கொண்டிருப்பார்கள். பெஞ்சிகளில் தாத்தாக்களும் பாட்டிகளும் உட்கார்ந்திருப்பார்கள். முன்பின் அறியாத கிழவி ஒருத்தி நம் பையனைப் பார்த்து 'மி ரேய்' என்று கொஞ்சுவாள். 'என் ராஜா' என்று அர்த்தம்! நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வதும் அதே வார்த்தைதான் அல்லவா? இப்படி ஊரே கொஞ்சும்போது, குழந்தை அந்த ஊரின் பாஷையைக் கற்றுக் கொள்வதில் என்ன ஆச்சரியம்?

ஆனாலும் நாயும்

மூன்று வயது நிறைகிற ஆண்டின் செப்டம்பர் மாதத்திலேயே குழந்தை பொதுப் பள்ளியில் சேரலாம், சம்பளம் கிடையாது. கட்டாயக் கல்வி ஆறு வயதில்தான் தொடங்குகிறது. இருந்தாலும் மூன்று வயதில் அனுப்பாத வீட்டைக் காண்பது அரிது. சில மாதங்களுக்குள் குழந்தை பெற்றோருக்குத் துபாஷியாகி விடுகிறது. கடைக்காரர் சொல்வது அப்பாவுக்குப் புரியாது. நாலு வயதுப் பெண் விளக்குவாள்!

தமிழ்க் குழந்தைக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. ஸ்பானிஷ் மொழியில் 'பெரோ' என்று இடையின ரகரத்தால் சொன்னால் 'ஆனால்' என்று பொருள். 'பெறோ' என்று வல்லின றகரத்தை உருட்டிச் சொன்னால் 'நாய்' என்று பொருள். ஆங்கிலேயர்கள் இவ்விடத்தில் திண்டாடுவார்கள். ரகர றகர பேதம் காதில் ஊறிய தமிழ்க் குழந்தைக்கு இது விளையாட்டு. 'ஞ' என்ற ஒலியும் அங்கே தாராளமாக உண்டு. குழந்தையைக் குறிக்கும் சொல்லே 'நீஞோ' தான். ஆனால் 'ழ' அங்கே கிடையாது. அந்த எழுத்துக்கு வீட்டைத் தவிர வேறு பள்ளிக்கூடம் இல்லை.

பல் விழுந்தால்...

நம் குழந்தைகள் விழுந்த பல்லைக் கூரைமேல் எறிகிறார்கள். ஸ்பெயினில் அதைத் தலையணைக்கு அடியில் வைக்கிறார்கள். இரவில் 'பேரேஸ்' என்னும் எலியார் வந்து பல்லை எடுத்துக் கொண்டு பரிசு வைத்துப் போவாராம். 1894-ஆம் ஆண்டில் லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார், எட்டு வயது அரசரான பதின்மூன்றாம் அல்போன்ஸோவுக்காக எழுதிய கதையினால் இந்த எலியார் பெரும் புகழ் பெற்றார். கதையில் அவர் குடியிருந்த அரெனால் தெருவில் அவர் பெயரால் கல்வெட்டுப் பலகையும் பதித்திருக்கிறார்கள். அடுக்கு மாடி வீட்டில் கூரை ஏது? ஆகவே தமிழ்க் குழந்தையும் எலியாரிடமே பல்லை ஒப்படைக்கிறது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. கதை ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் குழந்தைக்கு லாபமே.

உண்மையான நஷ்டம்

நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஸ்பானிஷ் மொழியில் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லோருக்கும் 'தீயா' என்ற ஒரே பெயர். மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரும் 'தீயோ'. (அவர்கள் தீயோர் அல்லர், அன்புள்ளவர்களே!) அத்தை மகனும் சித்தி மகனும் ஒரே 'ப்ரீமோ'. அந்தச் சமூகத்துக்கு அது போதும். ஆனால் நம்முடைய குடும்பத்தில் அத்தைக்குள்ள உரிமை வேறு. சித்தியின் வாஞ்சை வேறு. காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக் கொள்ளும் தாய்மாமன் வெறும் 'தீயோ' ஆகிவிட்டால், போவது ஒரு சொல் மட்டுமா? அந்த உறவே அல்லவா மங்கிப் போகிறது?

மரியாதையும் அப்படியே. ஸ்பெயினில் ஆசிரியையைக் குழந்தைகள் பெயர் சொல்லி, 'நீ' என்றே அழைக்கிறார்கள். அது அங்கே நெருக்கத்தின் அடையாளம். அதே பழக்கத்தில் குழந்தை தொலைபேசியில் தாத்தாவை 'நீ' என்று சொன்னால், தாத்தா சிரித்துக் கொள்வார். ஆனால் அவர் மனத்தில் ஒரு முள் தைக்கும்.

செய்ய வேண்டியது

வீட்டில் இரண்டு பாஷை இருந்தால் குழந்தை குழம்பிப் போகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பயப்பட வேண்டாம். இரு மொழிகளையும் சேர்த்துக் கலந்து பேசுவது வளர்ச்சியில் இயல்பான ஒரு படியே. அது குறை அல்ல என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். ஸ்பானிஷைத் தெருவும் பள்ளியும் கேளாமலே கொடுத்துவிடும். தமிழைக் கொடுக்க அங்கே தாய் தந்தையரைத் தவிர யாரும் இல்லை. குழந்தை ஸ்பானிஷில் கேட்டாலும் தமிழிலேயே பதில் சொல்ல வேண்டும். கோபமாக அல்ல, கதையாகவும் தாலாட்டாகவும்.

ஊரில் இருக்கும் பாட்டிமாருக்கும் ஒரு விண்ணப்பம். முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியில் பேரக் குழந்தை தோன்றும்போது, "பாவம், அதற்குத் தமிழ் புரியுமோ என்னவோ!" என்று அரைகுறை ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். "அத்தை வந்திருக்கிறாள், பார்! சித்தி உனக்குச் சட்டை தைத்திருக்கிறாள், பார்!" என்று உறவு முறை சொல்லி ஒவ்வொருவரையும் காட்டுங்கள். உறவின் பெயர் நாவில் நின்றால், உறவும் நெஞ்சில் நிற்கும்.