உடம்பு போட்டால் தேறிவிட்டதா?

"மகன் இப்ப எப்படிம்மா இருக்கான்?"

"தேறிட்டான் சார். நல்லாச் சாப்பிடுறான், உடம்பும் போட்டிருக்கு."

மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து மதுரை மனநலப் பிரிவுக்கு மாத்திரை வாங்க வரும் தாய்மார்களிடம் கேட்கக்கூடிய பேச்சு இது. நம்மூரில் உடம்பு போடுவது நல்ல சேதி. ஆனால், மனச்சிதைவு நோய்க்கு ஓலன்சபின், குளோசபின் சாப்பிடுபவருக்குப் போன வருஷம் தைத்த பேன்ட் இடுப்பில் ஏறவில்லை என்றால் சற்றுச் சந்தேகப்பட வேண்டும். இந்த மருந்துகள் பசியைக் கிளறிவிடும். எடையோடு சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது. நோய் திரும்பினால் அது பெரும்பாடு.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலையைவிட, இதய நோய், சர்க்கரை போன்ற உடல் நோய்களே இதற்குப் பெருங்காரணம். பீடியும் ஒரு காரணம். "நெஞ்சு அடைக்குது" என்றால், "அவன் எப்பவும் எதையாவது சொல்லிக்கிட்டுத்தான் இருப்பான்" என்று வீடும், சில நேரம் டாக்டரும் தள்ளிவிடுவது இன்னொன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தபோது நாடே பதறியது. நாற்பது வயதில் மாரடைப்பில் போகிறவருக்காக யாரும் பதறுவதில்லை.

மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் மறுபடி, அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறையாவது. இடுப்பளவுக்குத் தையல்கடை டேப் போதும்: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனம். லித்தியம் மாத்திரை என்றால் தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையும் சேரும். குளோசபினுக்கு முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை.

மதுரைக்கு மனநலச் சேவை புதிதல்ல, எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை 1992-லிருந்தே இயங்குகிறது. சிக்கல், நோயாளி நேரில் வராததில் இருக்கிறது. பஸ்ஸில் கூட்டிவர முடியாமல் அம்மாவோ அக்காவோ மட்டும் வந்து மாத்திரை வாங்கிப் போகிறார்கள். மஞ்சப்பையில் இருக்கும் சிகிச்சை நோட்டை எடை மிஷினில் ஏற்றவா முடியும்?

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் அதே அம்மாவுக்கு பிரஷர் பார்க்க வீட்டுக்கே வருகிறார். உள் அறையில் படுத்திருக்கும் மகனையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். உடல்நோயாளிக்குச் சமமான சிகிச்சை அவனுக்கும் உரிமை என்கிறது 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம். அளவுகளை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி, அடுத்த மாதம் டாக்டரிடம் நீட்டுங்கள்.