ஏழு தடவை ஓடையைக் கடந்து...

பாலைவனத்தில் நீர்வீழ்ச்சியா என்று நீங்கள் கேட்கக்கூடும். தியலுமவையும் பம்பரகந்தையையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது நம்பும்படியாக இல்லைத்தான். ஆயினும், ஐக்கிய அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், டூஸான் நகரின் ஓரமாக எழுந்து நிற்கும் சாந்தா கத்தலீனா மலைத்தொடரில் அப்படியொன்று இருக்கிறது. 'செவன் ஃபோல்ஸ்' என்பது அதன் பெயர். ஏழு நீர்வீழ்ச்சிகள் என்று பொருள். ஒரே ஓடைதான் பாறைப் படிகளில் அடுத்தடுத்து விழுந்து, இடையிடையே தடாகங்களை நிரப்பிக்கொண்டு இறங்குகிறது.

டூஸான் நகரில் ஒரு வருடத்தில் பெய்யும் மழை ஏறத்தாழ 300 மில்லிமீற்றர்தான். பிறகு இந்த நீர் எங்கிருந்து வருகிறது? மேலேயிருந்து! இம்மலைத்தொடரின் உச்சி 2,790 மீற்றர் அளவு உயரமானது. அடிவாரத்தில் கள்ளிச்செடிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, உயரத்தில் பைன் மரக்காடுகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் பனியும் விழுகிறது. அந்தப் பனி உருகும் காலத்திலும், குளிர்கால மழையின் பின்னரும் ஓடை நிறைந்து ஓடும். மே, ஜூன் மாதங்களில் போனால் பாறையில் நீர் வழிந்த தடத்தையும், அங்குமிங்கும் தேங்கிய குட்டைகளையுமே பெரும்பாலும் காண்பீர்கள். ஜூலையில் பருவமழை தொடங்கியதும் நீர் திரும்பவும் வரும். அதன் கதை வேறு, பிறகு சொல்கிறேன்.

பாதைக்கு வருவோம். சபீனோ பள்ளத்தாக்கின் வாசலிலிருந்து போய்வர ஏறத்தாழ 8 மைல். அங்கு ஓடும் சிறு பயணிகள் வண்டியில் ஏறினால் இதில் சில மைல்கள் குறையும். ஏற்றம் அதிகமில்லை, பிள்ளைகளோடு வரும் குடும்பங்களையும் வழி நெடுகக் காணலாம். இரு பக்கத்து மலைச் சரிவுகளிலும் சகுவாரோ என்னும் பெருங்கள்ளிகள் தூண்கள் போல நிற்கும். அவற்றில் ஒரு கிளை அரும்பவே 50 வருடங்களுக்கு மேல் செல்லுமாம்! அந்தப் பிரதேசத்தின் பூர்வீகக் குடிகளான தொஹோனோ ஓதம் மக்கள், ஜூன் மாதக் கடைசியில் நீண்ட கம்புகளைக் கொண்டு இதன் சிவந்த பழங்களைத் தட்டி வீழ்த்தி, காய்ச்சிப் பாணியாக்குவார்கள். தலைமுறை தலைமுறையாக இதைப் பெரும்பாலும் பெண்களே செய்து வந்திருக்கிறார்கள்.

இந்தப் பாதை ஓடையை ஏழு இடங்களில் குறுக்கே கடக்கிறது. பாலம் எதுவும் கிடையாது. கல்லுக்குக் கல் தாவியோ, நீரில் இறங்கியோதான் போகவேண்டும். ஏழாவதைக் கடந்த பின் பாதை வளைந்து வளைந்து மேலேற, திடீரென்று நீர்வீழ்ச்சி கண்முன் விரியும். போகும்போது கடந்த ஏழையும் திரும்பும்போது மறுபடி கடக்க வேண்டும் என்பதைப் பலர் அப்போது நினைத்துப் பார்ப்பதில்லை. ஆபத்து இருப்பது இங்கேதான்.

1981 ஜூலை 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதற்குக் கிழக்கே அண்மையிலுள்ள டாங்க்கே வெர்டே நீர்வீழ்ச்சியில் பொழுதுபோக்க வந்திருந்தவர்கள் மீது திடீர் வெள்ளம் பாய்ந்தது. எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். நாம் மழையைப் பார்த்தே வெள்ளத்தை எதிர்பார்க்கிறவர்கள். அங்கே நிலைமை அப்படியல்ல. மழை சில மைல்களுக்கு அப்பால் மலையில் கொட்டும். வெறும் பாறை அதை உறிஞ்சாது. எல்லா நீரும் ஒடுங்கிய பள்ளத்தாக்கினுள் ஒரே நேரத்தில் வந்து சேரும். உங்கள் தலைக்கு மேலே நீல வானம் இருக்கவும் கூடும்! 2020 ஜூனில் மின்னல் தாக்கிப் பற்றிய காட்டுத்தீ இம்மலைத்தொடரில் ஏறத்தாழ 1,20,000 ஏக்கரை எரித்தது. செடிகொடிகள் அழிந்த சரிவில் மழைநீர் இன்னும் வேகமாக இறங்கும். சாம்பலையும் மரக்கட்டைகளையும் சேர்த்துக்கொண்டு வரும்.

தெளிந்த ஓடை கலங்கத் தொடங்கினாலோ, சுள்ளிகளும் இலைகளும் மிதந்து வந்தாலோ, மேலே எங்கோ இரைச்சல் கேட்டாலோ, செருப்பைத் தேடவோ படம் எடுக்கவோ நிற்காதீர்கள். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடவும் வேண்டாம். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு பக்கச் சரிவில் மேலே ஏறிவிடுங்கள். கடவைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டால் மேட்டில் அமர்ந்து காத்திருப்பதே புத்தி. இத்தகைய வெள்ளம் அநேகமாகச் சில மணித்தியாலங்களில் வடிந்துவிடும். முழங்காலுக்குக் கீழே நிற்கும் நீர்கூட, வேகமாக ஓடினால், வளர்ந்தவரைச் சாய்த்துவிடும். கணவரோ மகனோ "இவ்வளவுதானே, கடந்துவிடலாம்" என்று சொன்னால், அன்றைக்கு மட்டும் சற்றுப் பிடிவாதமாக இருங்கள்.

வெயிலும் இலேசானதல்ல. கோடையில் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது அங்கு சாதாரணம். காற்று வரட்சியானது என்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். உடலிலிருந்து எவ்வளவு நீர் போனது என்பது தெரியவே தெரியாது. நமது ஊரில் சட்டை நனைவதைப் பார்த்துத் தண்ணீர் குடிப்போம். அங்கே அந்த அடையாளமும் இல்லை. அதிகாலையிலேயே புறப்படுவது, ஆளுக்கு மூன்று லீற்றராவது கொண்டுபோவது, உப்புச் சேர்ந்த ஏதேனும் தின்பது, பாதித் தண்ணீர் முடிந்ததும் எந்த இடமானாலும் திரும்புவது, இவையெல்லாம் அவசியம். நீர்வீழ்ச்சி இன்னும் பத்து நிமிடத் தூரந்தான் என்றாலும் திரும்பத்தான் வேண்டும். பிள்ளைகளின் உடல் பெரியவர்களுடையதைவிட வேகமாகச் சூடேறும்.

உடை விடயத்தில் நமது பெண்களுக்கு ஒரு வசதி உண்டு. நீண்ட, தளர்ந்த பருத்தி ஆடை பாலைவன வெயிலுக்கு மிகவும் ஏற்றது. அரைக்காற்சட்டையில் வருபவர்கள்தான் வெந்துபோகிறார்கள். ஆனால் ஓடையைக் கடக்கும்போது நனைந்த கரை காலைச் சுற்றும். அதைத் தூக்கி முடிந்துகொள்ளுங்கள். வழுக்காத அடியுள்ள சப்பாத்து கட்டாயம். நீர் தேய்த்த பாறைகள் கண்ணாடி மாதிரி இருக்கும். அங்கே எலும்பு முறிவதற்கு வெள்ளம் வரவேண்டிய அவசியமில்லை.

கைப்பையில் பல் அகன்ற ஒரு சீப்பும் இருக்கட்டும். தலை வாருவதற்கல்ல! சோயா என்றொரு கள்ளி அங்கே வழி ஓரங்களில் வளர்கிறது. அதன் சிறு துண்டுகள் இலேசாகப் பட்டாலே ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் கையிலும் ஏறிவிடும். சீப்பைத் தோலுக்கும் முள்ளுக்கும் நடுவே நுழைத்து ஒரே சுண்டாகச் சுண்டினால் துண்டு தெறித்துப் போய்விடும். அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே பிள்ளைகளை முதலில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.