ஒரு வயதுக்குள் முடிவாகிவிடும் ஜெர்ஸி

2024 அக்டோபர் 10, அடிலெய்டு. ஆஸ்திரேலியாவும் சீனாவும் மோதிய உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் முடியும் தறுவாயில், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய 23 வயது இளைஞர் ஆஸ்திரேலியாவின் மூன்றாவது கோலை அடித்தார். தேசிய அணிக்கு அதுதான் அவருடைய முதல் ஆட்டம். பெயர் நிஷான் வேலுப்பிள்ளை. மெல்போர்னில் பிறந்து, மெல்போர்ன் விக்டரி அணியில் வளர்ந்தவர். அடுத்த மார்ச்சில் இந்தோனேசியாவுக்கு எதிராக ஒரு கோல், ஐந்து நாள் கழித்து சீன மண்ணிலேயே இன்னொன்று. ஆஸ்திரேலியா உலகக் கோப்பைக்குள் நுழைந்தது.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் பெருமை பொங்கியது. பொங்கட்டும், தப்பில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு ஒரு கேள்வியும் எழுகிறது. இதே போல் ராஜபாளையத்துப் பேரன் ஒருவன் மெல்போர்னில் பிறந்து, கால்பந்தில் கெட்டிக்காரனாக வளர்ந்தால், அவனால் இந்தியாவுக்கு ஆட முடியுமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போனவர்களின் வீடுகள் நிறைய. ஆண்டு விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் துணிகளுக்கு நடுவே பால்கோவா பொட்டலம் ஏறும். மேல் ஜிப்பில் இரண்டு சிறு புத்தகங்கள் ஏறும். ஒன்று அந்நாட்டு பாஸ்போர்ட். மற்றது வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை. அது சிங்க முத்திரையோடு பாஸ்போர்ட் மாதிரியே இருப்பதால், பேரனுக்கு இரண்டு நாட்டுக் குடியுரிமையும் இருக்கிறது என்றே பல தாத்தாக்கள் நம்புகிறார்கள். இல்லை. அது வாழ்நாள் விசா. அதைக் கொண்டு ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, இந்திய ஜெர்ஸியும் போட முடியாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மட்டுமே நாட்டுக்கு ஆடலாம் என்று மத்திய அரசு 2008-ல் முடிவெடுத்தது.

"அந்த விதியைத் தளர்த்தினால் போதுமே" என்று விவாதங்களில் சொல்கிறார்கள். போதாது. ஃபிஃபா கேட்பது குடியுரிமையை. ஓ.சி.ஐ. குடியுரிமையே அல்ல என்பதால் தில்லியில் கதவு திறந்தாலும் ஃபிஃபா இருக்கும் ஜூரிச்சில் மூடியிருக்கும். 'கேலோ பாரத் நீதி 2025' விளையாட்டுக் கொள்கை, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளி வீரர்களை அழைத்துவர ஊக்குவிக்கலாம் என்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் சிக்கலின் முடிச்சு குடியுரிமைச் சட்டத்தில் விழுந்திருக்கிறது.

அந்தப் பேரனையே எடுத்துக்கொள்வோம். அவனுக்கு வயது இருபது. மெல்போர்னில் ஒரு கிளப்பின் இரண்டாம் அணியில் ஆடுகிறான். இந்தியனாக வேண்டுமென்றால், ஓ.சி.ஐ. பதிவாகி ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். பிறகு ஆஸ்திரேலியக் குடியுரிமையைக் கைவிட வேண்டும். இருபது வயதில் ஓராண்டு என்பது ஒரு கால்பந்து வீரனின் பாதி எதிர்காலம். முதல் அணிக்குள் நுழைவதா, வெளியேற்றப்படுவதா என்று தீர்மானமாகும் காலம் அது. அதை விட்டுவிட்டு இங்கே வந்தால்? ஓ.சி.ஐ. வைத்திருந்தாலும் நம் லீகில் அவன் வெளிநாட்டு வீரன். அண்மைய ஐ.எஸ்.எல். பருவங்களில் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவருக்குத்தான் இடம். அந்த நான்கில் ஒன்றை, இன்னும் நிரூபிக்காத இருபது வயதுப் பையனுக்கு எந்தப் பயிற்சியாளர் கொடுப்பார்? பிரேசிலிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ பழுத்த ஆட்டக்காரர் ஒருவரைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால்தான் நம்மிடம் வருகிறவர்கள் முப்பதைத் தொட்ட பிறகு வருகிறார்கள். ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமிக்குத் தந்தை வழியில் குஜராத் வேர். 2006-ல் இந்தியா வந்து ஆடத் தொடங்கியவர், ஜப்பான் குடியுரிமையைத் துறந்து 2012-ல் இந்தியரானார். 2013-ல் இந்தியாவுக்காகக் களமிறங்கியபோது வயது முப்பது. பெர்த்தில் பிறந்த ரயான் வில்லியம்ஸின் தாய் மும்பையில் பிறந்தவர். தாத்தா பம்பாய் அணிக்காகச் சந்தோஷ் கோப்பையில் ஆடியவர். இங்கிலாந்து கிளப்புகளில் பல ஆண்டுகள் ஆடிவிட்டு 2023-ல் பெங்களூரு எஃப்.சி.க்கு வந்தார். 2025-ல் ஆஸ்திரேலியக் குடியுரிமையைக் கைவிட்டு இந்திய பாஸ்போர்ட் வாங்கும்போது வயது 32. இருவரும் செய்தது சாமானியத் தியாகம் அல்ல. ஆனால் அவர்களுடைய இருபதுகள் நமக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். இங்கிலாந்தில் பிறந்து, 2021-ல் எஃப்.ஏ. கோப்பை வென்ற லெஸ்டர் சிட்டி அணியில் இருந்த ஹம்சா சௌத்ரி, பிரிட்டிஷ் குடியுரிமையை விடாமலேயே வங்கதேச பாஸ்போர்ட் வாங்கினார். 2025 மார்ச் 25-ல் ஷில்லாங்கில் அந்த அணிக்கு முதல் ஆட்டம் ஆடினார். எதிரணி நாம்தான், 0-0. நவம்பரில் டாக்காவில் வங்கதேசம் நம்மை 1-0 என்று வீழ்த்தியது. இலங்கையும் இரட்டைக் குடியுரிமை தருகிறது. ஸ்வீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் இலங்கைச் சட்டையில் ஆடியிருக்கிறார். புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளும் சேர்ந்த அந்த அணி 2024 செப்டம்பரில் கம்போடியாவை பெனால்டியில் வென்று ஆசியக் கோப்பைத் தகுதியின் இறுதிச் சுற்றுக்குப் போனது. நாமோ 2027 ஆசியக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை.

இரண்டு பாஸ்போர்ட் இருந்தால் விசுவாசமும் இரண்டாகப் பிரியும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். முன்னோர் ஆவணங்களில் மோசடி என்று ஃபிஃபா வீரர்களைத் தடை செய்த சம்பவமும் ஆசியாவில் நடந்திருக்கிறது. காவல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு ஊர்க்காரராக இருப்பது ராஜபாளையத்துக்குப் புதிதா என்ன? வீட்டுக்குள் தெலுங்கு பேசும் ராஜு குடும்பங்கள் நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய ஊர் இது. இங்கிருந்து போன பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். அவருடைய விசுவாசத்தை யாரும் தராசில் நிறுக்கவில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறொரு விஷயம். நம் சட்டத்திலேயே ஒரு சந்து இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தெரியவே தெரியாது. இந்தியக் குடிமக்களான பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையை, பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தால், அது வம்சாவளியால் இந்தியக் குடிமகனாகிவிடும். குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிறந்த மண்ணின் குடியுரிமை அதற்குப் பிறப்பாலேயே இருந்தாலும், 1955 குடியுரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு பொறுத்துக்கொள்கிறது. பதினெட்டு நிறைந்த ஆறு மாதத்துக்குள் மற்றதைக் கைவிடாவிட்டால்தான் இந்தியக் குடியுரிமை போகும். அதாவது பதினெட்டரை வயது வரை அந்தப் பிள்ளை சட்டப்படியே இரு நாட்டவன். இந்தியாவின் 17 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடலாம். பிறகு மனம் மாறினாலும் ஃபிஃபா வழிவிடுகிறது: இளையோர் அணியில் ஆடியது ஒருவரைக் கட்டிப்போடாது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பின், 21 வயதுக்குமுன் மூத்தோர் அணியில் மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆடாதவர்கூட, மூன்றாண்டு கழித்து, சில நிபந்தனைகளோடு நாடு மாறலாம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? குழந்தை பிறந்த சூட்டோடு சூடாக அந்நாட்டு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடுகிறார்கள். பயண வசதி, பள்ளிச் சேர்க்கை, விசா தொல்லை, எல்லாம் நியாயமான காரணங்கள். அமெரிக்கக் குடிமகன் அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் அந்நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதால் அங்கே வேறு வழியும் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பிரசவம் பார்க்கப் போன பாட்டி ஊர் திரும்புவதற்குள் விண்ணப்பம் போயிருக்கும். பந்தைக் காலால் தொடும் முன்பே, நடக்கப் பழகும் முன்பே, அந்தக் குழந்தை எந்த நாட்டுக்கு ஆடும் என்பது முடிந்துபோகிறது. தேர்வாளர்கள் இல்லை, பயிற்சியாளர் இல்லை. தூதரக வரிசையில் ஒரு படிவம்.

பதினெட்டரை என்ற அந்த எல்லையை இருபத்தைந்தாக்கினாலே போதும் என்பது என் கருத்து. எல்லோருக்கும் இரட்டைக் குடியுரிமை கேட்கவில்லை. ஒரு வீரனுக்குத் தன் கால்கள் எங்கே கொண்டுபோகின்றன என்று தெரியும் வயது வரை அவனை இரண்டு கரையிலும் நிற்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதற்குச் சட்டத்தில் மாற்ற வேண்டியது ஒரு வாக்கியம்.

அது வரும் வரை, வெளிநாட்டில் பேறுகாலம் பார்க்கப் போகும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. பெற்றோர் இந்தியக் குடிமக்களாக இருக்கும்போது குழந்தை பிறந்திருந்தால், வேறு பாஸ்போர்ட்டுக்கு எழுதும் முன் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்வது பற்றிக் கேளுங்கள். ஓராண்டு தாண்டியிருந்தாலும் மத்திய அரசின் அனுமதியோடு பதிவு செய்ய இடமிருக்கிறது. பெற்றோர் இருவரும் ஏற்கெனவே வேறு நாட்டுக் குடிமக்களாகிவிட்டால் இந்த வழி இல்லை, ஓ.சி.ஐ. ஒன்றுதான்.